ஒரு முகத்தைப் பார்த்துக் கனச்சதுரம் என்று சொல்லிவிட முடியாது

படத்தைக் காட்டிக் கேட்டால் கனச்சதுரம் (பகடை போன்றது) எது, கனச்செவ்வகம் (செங்கல் போன்றது) எது என்று பிள்ளை சரியாகச் சொல்லிவிடுகிறது. பாடம் புரிந்துவிட்டது என்று பெற்றோரும் நிம்மதி அடைகிறார்கள். நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த நிம்மதி அவசரப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் உருவத்தின் சாயலைத்தான் அடையாளம் காண்கிறார்கள். காரணத்தைக் கேட்டால் தடுமாறுகிறார்கள்.

5 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், 12 செ.மீ. நீளம் உள்ள ஒரு கட்டையை எடுத்து, அதன் சதுர முகம் மட்டும் தெரியும்படி வைத்துக் கேட்டுப் பாருங்கள். "கனச்சதுரம்" என்ற பதில் உடனே வரும். இன்னும் சிலர் "சதுரம்" என்றே சொல்வார்கள். தளத்தில் வரையும் உருவமும் கையில் எடுக்கும் உருவமும் அவர்கள் மனத்தில் இன்னும் பிரியவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பார்த்தது ஒரு முகம். முடிவு சொன்னது முழுப் பொருளுக்கும்.

"வேறுபாடு என்ன?" என்ற கேள்விக்கு 6 முகங்கள், 12 விளிம்புகள், 8 முனைகள் என்று எழுதும் விடைத்தாள்களை நிறையத் திருத்தியிருக்கிறேன். அந்த எண்ணிக்கை இரண்டுக்கும் பொது. எண்ணினால் வேறுபாடு தெரியாது, அளந்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் அளக்கவும் வேண்டாம். ஏதாவது ஒரு முனையில் விரலை வைத்து, அங்கே கூடும் மூன்று விளிம்புகளை மட்டும் அளந்தால் போதும். கனச்செவ்வகத்தின் 12 விளிம்புகளும் மூன்று குழுக்களாகவே அமையும்; ஒவ்வொரு குழுவிலும் ஒன்றுக்கொன்று இணையான, சம நீளமுள்ள நான்கு விளிம்புகள். அந்த முனையில் குழுவுக்கு ஒன்று வீதம் நம் விரலடியில் இருக்கிறது. மூன்றும் சமம் என்றால் கனச்சதுரம்.

இங்கே மாணவர்களுக்கு நான் மிகவும் விரும்பிக் கொடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: சரியாக நான்கு முகங்கள் மட்டும் சதுரமாக இருக்கும் கனச்செவ்வகத்தைக் கண்டுபிடியுங்கள். தேடட்டும், வரையட்டும், அட்டையை வெட்டி ஒட்டட்டும். கிடைக்காது. எதிரெதிர் முகங்கள் ஒரே அளவு என்பதால் சதுர முகங்கள் சோடியாகவே வரும். ஒரு சோடி மட்டும் சதுரமாக இருக்கலாம். மேலே சொன்ன கட்டை அப்படிப்பட்டது. ஆனால் ஒரு விளிம்பைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு முகங்கள் சதுரமாகிவிட்டால், அந்தப் பொதுவான விளிம்பு மற்ற இரண்டு அளவுகளையும் தனக்குச் சமமாக்கிவிடும். மூன்றாவது சோடிக்கு வேறு வழியே இல்லை, அதுவும் சதுரம்தான். ஆகவே சதுர முகங்கள் 0, 2 அல்லது 6. நான்கு ஏன் வராது என்பதைத் தன் சொற்களில் விளக்கிவிட்ட பிள்ளைக்கு நான் வரையறையை மறுபடி சொல்லிக்கொடுக்கத் தேவை இருந்ததில்லை.

படங்களிடமும் எச்சரிக்கை வேண்டும். தாளில் வரையும்போது பின்னோக்கிச் செல்லும் விளிம்புகளைச் சாய்த்து, பெரும்பாலும் குறுக்கி வரைகிறோம். பக்கவாட்டுச் சதுரம் அங்கே இணைகரமாகத் தெரியும். அளவுகோலை வைத்துப் பார்த்து "இது கனச்சதுரம் இல்லை" என்று சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது கவனமாகத்தான் பார்த்திருக்கிறது. படத்தில் எழுதியிருக்கும் அளவுகளை நம்ப வேண்டும், கோடுகளின் நீளத்தை நம்பக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாம்தான்.

விளிம்புகள் சமமாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. சம நீளமுள்ள 12 குழல்களை நூலால் கோத்துக் கனச்சதுரச் சட்டகம் செய்து, மேலே லேசாகத் தள்ளுங்கள். சட்டகம் சாயும். விளிம்புகளின் நீளம் மாறவில்லை, ஆனால் சில முகங்கள் சாய்சதுரமாகிவிட்டன. கால்சைட் என்ற கனிமம் உடையும்போது இப்படிச் சாய்ந்த கட்டிகளாகவே உடைகிறது. உப்புப் படிகம் செங்கோண முகங்களுடன் உடைகிறது. மூன்று விளிம்புச் சோதனை செல்லுபடியாவது எல்லா மூலைகளும் செங்கோணமாக இருக்கும்போதுதான்.

எனக்கு உண்மையான கவலை தருவது இன்னொன்று. கனச்சதுரமும் கனச்செவ்வகமும் தொடர்பில்லாத இரு இனங்கள் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போகிறார்கள். மூன்று அளவுகளும் சமமாக அமைந்த கனச்செவ்வகமே கனச்சதுரம். டச்சுக் கணித ஆசிரியர்களான பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே-கெல்டோஃப் தம்பதியர் 1957-இல் அளித்த ஆய்வேடுகள் வடிவியல் சிந்தனையைப் படிநிலைகளாகப் பிரித்துக் காட்டின: முதலில் தோற்றத்தால் அறிவது, பிறகு பண்புகளால் அறிவது, அதற்கும் பிறகே ஒரு வகை மற்றொன்றுக்குள் அடங்குவதை உணர்வது. இரண்டாம் படியில் நிற்கும் பிள்ளை கன அளவுக்கு இரண்டு சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறது. மூன்றாம் படிக்கு வந்த பிள்ளைக்கு நீளம் × அகலம் × உயரம் ஒன்றே போதும். கன அளவு 64 க.செ.மீ. என்றதும் பக்கம் 4 செ.மீ. என்று அது பாய்ந்துவிடாது. 2, 4, 8 செ.மீ. அளவுள்ள கனச்செவ்வகத்துக்கும் அதே 64 தான் என்று தெரியும். புறப்பரப்புதான் மாறும்: முன்னதற்கு 96 ச.செ.மீ., பின்னதற்கு 112.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பின்வருவனவற்றுள் கனச்செவ்வகங்கள் எவை?" என்ற கேள்வியில் கனச்சதுரத்தையும் சேர்த்து வட்டமிட்ட பிள்ளையின் விடையைத் தவறு என்று அடிக்காதீர்கள். அதுதான் சரியான விடை. கனச்சதுரம் அல்லாதவைதான் வேண்டும் என்றால், கேள்வியிலேயே அப்படி எழுதிவிடுங்கள்.