வைரஸ் போய்விட்டது, கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது?

தன் பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கையை என் நோயாளி ஒருவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பலமுறை பிரித்துப் பார்த்ததில் மடிப்புகளில் தாள் விட்டுப்போயிருந்தது. ‘ஹெபடைடிஸ் சி வைரஸ் ஆர்.என்.ஏ. கண்டறியப்படவில்லை’ என்ற வரியின் கீழ் நீல மையில் கோடு போட்டிருந்தார். கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸின் மரபுப்பொருள்தான் ஆர்.என்.ஏ. 3 ஆண்டுகளுக்கு முன்பு, 12 வார மாத்திரைச் சிகிச்சைக்குப் பின் நான் அவர் கையில் கொடுத்த தாள் அது. “வைரஸ் போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்?” என்று அவர் கேட்டபோது, ஸ்கேன் திரையில் அவருடைய கல்லீரலின் வலப்புறத்தில் 4 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது.

நான் சொன்னது உண்மைதான். வைரஸ் அன்றே போய்விட்டது, திரும்பி வரவும் இல்லை. இரத்தத்தை மறுபடி சோதித்தும் பார்த்துவிட்டோம். ஆனால் சிகிச்சை தொடங்கிய நாளிலேயே அவருக்குச் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வந்திருந்தது. 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் இரண்டு முறை வந்தார், அதற்குப் பிறகு வரவில்லை. குணமானவர் எதற்காக மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. காரணத்தை அவருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லாமல் விட்டது என் தவறு. இதை எழுதுவதும் அதனால்தான்.

ஹெபடைடிஸ் சி நோய்க்கான சிகிச்சை ஆராய்ச்சி மருத்துவ வரலாற்றின் பெரும் வெற்றிகளில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் சிலருக்கு வந்த கல்லீரல் அழற்சி ஏ வகையும் அல்ல, பி வகையும் அல்ல என்பதை 1970-களில் ஹார்வி ஆல்ட்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். அதற்குக் காரணமான வைரஸை மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் 1989-ல் அடையாளம் கண்டனர். அந்த வைரஸ் ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானது என்று சார்லஸ் ரைஸ் 1997-ல் நிறுவினார். 2020-ல் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆய்வகத்தில் வளர மறுத்த இந்த வைரஸின் ஆர்.என்.ஏ.யை, கல்லீரல் புற்று செல்களுக்குள் பெருக வைக்கும் முறையை ஜெர்மனியின் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகர் குழுவினர் 1999-ல் வெளியிட்டனர். மருந்துகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க அதன் பிறகே வழி பிறந்தது.

அந்த மருந்துகள் வரும்வரை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும்தான் எங்கள் கையில் இருந்தவை. வாரந்தோறும் ஊசி, பலருக்கு 48 வாரங்கள். ஊசி போட்ட இரவில் காய்ச்சலும் உடம்பு வலியும், நாள்பட நாள்பட மனச்சோர்வும் இரத்தச்சோகையும் வரும். இத்தனையையும் தாங்கி முடித்தாலும், வைரஸின் மரபு வகைகளில் அதிகம் காணப்படும் முதலாம் வகையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைரஸ் போகாது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்ற மாத்திரை அனுமதிக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது ஆர்.என்.ஏ. இழையில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்துக்கொண்டே போகும். இந்த மருந்து அந்த எழுத்துகளில் ஒன்றைப் போல வேடமிட்டு உள்ளே நுழைகிறது. அதற்கு மேல் இழை நீளாது. இதனுடன் வேறொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் 8 அல்லது 12 வாரங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு வைரஸ் நீங்கிவிடுகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸைப் போலச் செல்லின் உட்கருவில் பதுங்கிக்கொள்ளும் வழி சி வைரஸுக்கு இல்லை. பிரதி எடுப்பது நின்றால் அதன் வம்சமே அற்றுப்போகும். ஆகவே ‘குணம்’ என்ற சொல்லை இந்த நோயில் நாங்கள் தயங்காமல் பயன்படுத்துகிறோம்.

மாத்திரைகள் நீக்குவது வைரஸை மட்டுமே என்பதையும் இதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. தொற்று நாள்பட்டுப் போனவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு 20 ஆண்டுகளுக்குள் சிரோசிஸ் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தனை ஆண்டுகளும் கல்லீரல் செல்கள் அழிந்து, அந்த இடத்தில் தழும்பு படிந்து, மிச்சமிருக்கும் செல்கள் முண்டு முண்டாகப் பெருகுகின்றன. மீண்டும் மீண்டும் பிரியும் செல்லில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன; சேரச் சேர அது புற்றாக மாறலாம். வைரஸ் நீங்கிய பின் அழற்சி தணிகிறது, தழும்பும் பலருக்கு மெல்ல மெல்லக் குறைகிறது. நுண்ணோக்கியின் கீழ் இதைப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் முன்பே பிழை ஏறிவிட்ட செல்லை மாத்திரை திருத்துவதில்லை. என் நோயாளிக்கு நடந்தது இதுதான்.

2016-ல் ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் ஆய்வு, முன்பே கல்லீரல் புற்றுநோய் வந்து நீங்கியவர்கள் புதிய மாத்திரைகளை எடுத்துக்கொண்டால் அது விரைவில் திரும்பி வருகிறதோ என்ற அச்சத்தைக் கிளப்பியது. அந்தச் செய்தியைக் கேட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. பிறகு நடந்த பெரிய ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. பிரான்சில் ஏறத்தாழ 10,000 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பும் கல்லீரல் புற்றுநோயும் குறைவாகவே இருந்தன. எனவே அந்தப் பழைய செய்தியை நினைத்து யாரும் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம். அபாயம் வெகுவாகக் குறைகிறது, ஆனால் சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு முற்றிலும் நீங்குவதில்லை. அதனால்தான் அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் இரண்டுமே, குணமான பின்பும் இவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தேவை என்கின்றன. சிரோசிஸுக்கு முந்தைய கடுமையான தழும்பு நிலையில் உள்ளவர்களைப் பற்றி வழிகாட்டுதல்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் அவர்களையும் வரச் சொல்கிறேன். வலியில்லாத பத்து நிமிடச் சோதனையைக் கூடுதலாகச் செய்வதில் இழப்பு எதுவும் இல்லை.

குணமானவர்களைக் கலங்க வைக்கும் இன்னொன்றும் உண்டு. வேறு ஏதோ அறுவைச் சிகிச்சைக்காக இரத்தப் பரிசோதனை செய்யும்போது ‘ஹெபடைடிஸ் சி ஆன்டிபாடி பாசிட்டிவ்’ என்று வரும். ஆன்டிபாடி என்பது வைரஸ் ஒரு காலத்தில் வந்துபோனதற்கான தடயம். அது ஆயுள் முழுவதும் இருக்கலாம். வைரஸ் இப்போது இருக்கிறதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனை மட்டுமே சொல்லும். அதே சமயம் அந்த ஆன்டிபாடி பாதுகாப்பும் தராது. தடுப்பூசி இன்னும் இல்லை. தொற்றுள்ள இரத்தம் பட்ட ஊசியால் மறுபடியும் நோய் வரலாம்.

சிகிச்சையை இனிமேல் தொடங்கப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். ஹெபடைடிஸ் பி சோதனை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள்; சி வைரஸ் ஒடுங்கும்போது பி வைரஸ் தலைதூக்கிக் கல்லீரலைச் செயலிழக்க வைத்த நிகழ்வுகளால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபைன் ஆகியவை இந்த மருந்துகளின் வேகத்தைக் கெடுத்துவிடும். நெஞ்செரிச்சலுக்குப் பலரும் தாங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகூடச் சிலவகை மருந்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கும்.

முன்பே குணமாகி வீட்டில் இருப்பவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். சிகிச்சைக்கு முன் எடுத்த பழைய அறிக்கைகளைத் தேடி எடுங்கள். வைரஸ் போனதும் வீக்கம் வடிவதால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் சோதனையின் எண் சட்டென்று இறங்கிவிடும். தழும்பு அத்தனை வேகத்தில் கரைவதில்லை. இன்று எடுக்கும் ஸ்கேனில் எண் குறைவாக வந்தாலும் அதை வைத்துக் கண்காணிப்பை நிறுத்திவிட முடியாது. சிகிச்சைக்கு முன் கல்லீரல் எந்த நிலையில் இருந்தது என்பதே கணக்கு. அந்த அறிக்கை கிடைக்காவிட்டால், அக்காலத்து இரத்தப் பரிசோதனைத் தாளாவது இருக்கிறதா பாருங்கள். அதில் தட்டணுக்களின் எண்ணிக்கையும் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற கல்லீரல் நொதிகளின் அளவுகளும் இருந்தால், உங்கள் வயதையும் சேர்த்து, அன்றைய தழும்பின் அளவை மருத்துவர் ஓரளவு கணக்கிட்டுவிட முடியும்.