ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி: ஜோர்டானின் தொடக்க ஆண்டுகளை மறுபடி கணக்கிடுதல்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் மைக்கேல் ஜோர்டான் வென்ற ஆறு பட்டங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மறுதரப்பிலிருந்து தவறாமல் ஒரு கணக்கு வந்து விழும். 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளின் பிளேஆஃப் சுற்றுகளில் (லீக் சுற்றுக்குப் பின் பட்டத்துக்காக நடக்கும் தொடர்களில்) அவருடைய சிகாகோ புல்ஸ் அணி பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்றில் மட்டுமே வென்றது. 1987இல் சக ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பன் அணிக்கு வந்து சேரும்வரை ஜோர்டானால் ஒரு தொடரைக்கூட வெல்ல முடியவில்லை என்பதே இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு. எண்களில் பிழையில்லை. ஆனால் அந்தப் பத்து ஆட்டங்களில் எத்தனையை வென்றிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதற்கு விடை காண எளிய கணித முறை ஒன்று இருக்கிறது.

இரண்டு அணிகள் மோதும்போது யார் வெல்வார்கள் என்பதை அவற்றின் லீக் சுற்று வெற்றி–தோல்விகளைக் கொண்டே ஓரளவு மதிப்பிடலாம். ரால்ஃப் பிராட்லி, மில்டன் டெர்ரி என்ற புள்ளியியலாளர்கள் 1952இல் இதற்கான மாதிரியை வகுத்தார்கள். பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் பின்னர் வேறு வழியாக வந்து சேர்ந்த வாய்பாடும் இதே விடையைத்தான் தருகிறது. செய்முறை பள்ளிக் கணக்கு அளவுக்கு எளிது: முதல் அணியின் வெற்றிகளை எதிரணியின் தோல்விகளால் பெருக்க வேண்டும், முதல் அணியின் தோல்விகளை எதிரணியின் வெற்றிகளால் பெருக்க வேண்டும். கிடைக்கும் இரண்டு எண்களின் விகிதமே முதல் அணி வெல்வதற்கும் தோற்பதற்குமான வாய்ப்புகளின் விகிதம்.

1985இல் புல்ஸ் 38 வென்று 44 தோற்றிருந்தது. எதிரே நின்ற மில்வாக்கி பக்ஸ் 59 வென்று 23 தோற்றிருந்தது. 38ஐ 23ஆல் பெருக்கினால் 874, 44ஐ 59ஆல் பெருக்கினால் 2,596. ஆக, ஓர் ஆட்டத்தில் புல்ஸ் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு. அடுத்த ஆண்டு புல்ஸின் கணக்கு 30–52. எதிரணியான பாஸ்டன் செல்டிக்ஸின் கணக்கு 67–15. வாய்ப்பு 11 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. 1987இல் புல்ஸ் 40–42, மீண்டும் எதிர்ப்பட்ட செல்டிக்ஸ் 59–23. வாய்ப்பு 27 விழுக்காடு.

இனி, ஓர் ஆட்டத்துக்கான வாய்ப்பு ஒரு தொடரில் என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். அக்காலத்தில் முதல் சுற்று ஐந்து ஆட்டத் தொடர். முதலில் மூன்று வெல்பவருக்கே அடுத்த சுற்று. தொடர் நீள நீள வலுவான அணியின் சிறிய மேன்மை பெரிதாகிக்கொண்டே போகும். ஓர் ஆட்டத்தில் 25 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு ஐந்து ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 10 விழுக்காடுதான். ஏழு ஆட்டத் தொடரானால் 7 விழுக்காடு. ஒற்றை ஆட்டத்தில் நிகழக்கூடிய அதிர்ச்சி வெற்றிகள் தொடரில் அரிதாவதன் காரணம் இதுவே. இந்தக் கணக்கின்படி புல்ஸுக்கு 1985இல் 10, 1986இல் ஒன்றேகால், 1987இல் 12.6 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. மூன்று தொடர்களிலும் தோற்பதற்கான நிகழ்தகவு 77 விழுக்காடு. அதாவது, எதைக் காட்டி ஜோர்டானைக் குறை சொல்கிறோமோ, அதுவே நடக்க மிக அதிக வாய்ப்பிருந்த விளைவு.

இதில் சில அனுமானங்கள் இருப்பதை மறைக்கக் கூடாது. ஆட்டங்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்றும், சொந்த அரங்கின் சாதகத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் வைத்துக்கொண்டிருக்கிறோம். செல்டிக்ஸ் 1985–86 லீக் சுற்றில் சொந்த ஊரில் 40 ஆட்டங்களை வென்று ஒன்றில் மட்டும் தோற்ற அணி என்பதையும், தொடரின் முதல் இரண்டு ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன என்பதையும் சேர்த்தால் புல்ஸின் நிலை இன்னும் மோசமாகும். மறுபக்கம், இடது பாத எலும்பு முறிந்ததால் ஜோர்டான் அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 64ஐத் தவறவிட்டார். எனவே 30–52 என்பது பெருமளவு அவர் இல்லாத அணியின் கணக்கு, பிளேஆஃபில் இறங்கிய அணி அதைவிட வலுவானது. அந்த அணியைச் சரிசமமான 41–41 என்றே எடுத்துக்கொண்டாலும் ஓர் ஆட்டத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடுதான்.

அத்தொடரின் இரண்டாம் ஆட்டம், 1986 ஏப்ரல் 20 அன்று நடந்தது, தனியே பார்க்கத் தக்கது. ஜோர்டான் 63 புள்ளிகள் எடுத்தார். பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் ஒருவர் எடுத்த அதிகபட்சமாக அது இன்றும் நிற்கிறது. கண்மூடித்தனமாக எறிந்து குவித்த புள்ளிகளும் அல்ல. 41 எறிதல்களில் 22 கூடைக்குள் விழுந்தன, எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்கள் 21இல் 19 விழுந்தன. ஃப்ரீ த்ரோவையும் சேர்த்து எறிதல் திறனை அளக்கும் வாய்பாட்டில் இது ஏறத்தாழ 63 விழுக்காடு, மிக உயர்ந்த அளவு. ஆனால் ஆட்டம் இரண்டு கூடுதல் நேரப் பகுதிகளுக்குச் சென்று, 135–131 என்று செல்டிக்ஸ் பக்கம் முடிந்தது. வெற்றி–தோல்விப் பட்டியலில் இந்த ஆட்டத்துக்கும், அவர் 19 புள்ளிகள் மட்டுமே எடுத்த மூன்றாம் ஆட்டத்துக்கும் ஒரே மதிப்புதான்: ஆட்டத்துக்கொரு தோல்வி.

இன்னொரு கோளாறு பட்டியலின் அமைப்பிலேயே இருக்கிறது. அன்றைய என்பிஏவில் 23 அணிகள். அவற்றில் 16 பிளேஆஃபுக்குள் நுழைந்தன. பாதிக்கு மேல் தோற்ற அணிகளும் கடைசி இடங்களைப் பிடித்து உள்ளே வந்துவிடும். வந்ததும் தலைசிறந்த அணிகளை எதிர்கொள்ளும். ஜோர்டான் வருவதற்கு முந்தைய பருவத்தில் புல்ஸ் 27 ஆட்டங்களை வென்று, பிளேஆஃபைப் பார்க்கவே இல்லை. அவர் வந்த ஆண்டில் வெற்றிகள் 11 கூடின. சராசரிப் புள்ளி வித்தியாசத்தில் ஒரு புள்ளி உயர்ந்தால் 82 ஆட்டங்களில் இரண்டரை வெற்றி அளவுக்குக் கூடும் என்பது கூடைப்பந்துப் புள்ளியியலில் பழகிப்போன தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த 11 வெற்றிகளுக்கு ஆட்டத்துக்கு நான்கு புள்ளிக்கு மேல் முன்னேற்றம் தேவை. அவர் சற்றுக் குறைவாக உதவியிருந்தால் அணி பிளேஆஃபுக்கே போயிருக்காது, அந்தத் தோல்விகளும் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்காது. திறமைக்குத் தண்டனை விதிக்கும் இப்படியொரு அளவுகோலை எவரும் வேண்டுமென்றே வடிவமைக்க மாட்டார்கள்.

ஜோர்டானின் தொடக்க ஆண்டுகளில் குறையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அதே வாய்பாட்டை அடுத்த ஆண்டுகளில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியிடம் அடுத்தடுத்து ஏற்பட்ட மூன்று தொடர் தோல்விகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1989இல் 63 வெற்றி பெற்றிருந்த பிஸ்டன்ஸிடம் ஓர் ஆட்டத்துக்கு 29 விழுக்காடு வாய்ப்போடு இறங்கிய புல்ஸ் ஆறில் இரண்டு வென்றது, எதிர்பார்ப்புக்குச் சற்று மேல். 1990இல் வாய்ப்பு 44 விழுக்காடு, ஏழில் மூன்று வெற்றி, கிட்டத்தட்ட அச்சொட்டாகக் கணக்கின்படியே. 1988தான் இடிக்கிறது. புல்ஸ் 50–32, பிஸ்டன்ஸ் 54–28. ஓர் ஆட்டத்துக்கு 45 விழுக்காடு வாய்ப்பிருந்தும் புல்ஸ் ஐந்தில் ஒன்றுதான் வென்றது. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 35 புள்ளிகள் எடுத்த ஜோர்டான், அத்தொடரில் 27.4 ஆகச் சரிந்தார். பந்து அவர் கைக்கு வந்ததும் இரண்டு மூன்று பேர் சூழ்ந்து முட்டித் தள்ளும் பிஸ்டன்ஸின் தடுப்பு உத்தி வேலை செய்தது. குறை சொல்லியே தீர வேண்டும் என்பவர்கள் 1986ஐ விட்டுவிட்டு இந்தத் தொடரை எடுத்துக்கொண்டால் வாதத்தில் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். இதில் பிப்பனும் ஆடினார் என்பது அவர்களுக்குச் சங்கடமான செய்தி.

1991இல் நிலை தலைகீழானது. 61–21 என்ற கணக்கோடு வந்த புல்ஸுக்கு, 50–32 என்றிருந்த பிஸ்டன்ஸை ஓர் ஆட்டத்தில் வெல்ல 65 விழுக்காடு வாய்ப்பு. நான்கையும் தொடர்ச்சியாக வெல்ல 18 விழுக்காடு. நான்கையும் வென்றது. 40 ஆட்டங்களை மட்டுமே அணி வென்ற 1986–87 பருவத்தில் ஆட்டத்துக்கு 37.1 புள்ளிகள் எடுத்திருந்த ஜோர்டான், இந்தப் பருவத்தில் எடுத்தது 31.5.