வெள்ளத்தை ஏன் நின்று பார்க்கிறோம்?

1746 ஜனவரி. டப்ளின் நகரில் லிஃபி ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. ஆற்றங்கரை வீடு ஒன்றின் நிலவறை மூழ்கிவிட்டது. வாசலுக்கு எதிரே இருக்கும் கரைச்சுவர், ஆறு முன்பு எதுவரை ஓடியது என்று காட்டும் கோடு மாதிரிதான் தெரிகிறது. தண்ணீர் இன்னும் ஏறலாம். அந்த வீட்டிலிருந்து பதின்வயதுக் கல்லூரி மாணவன் ஒருவன் நண்பனுக்குக் கடிதம் எழுதுகிறான். இயற்கையின் இத்தனை பெரிய, பயங்கரமான காட்சிகளைப் பார்ப்பது தனக்கு இன்பமாக இருக்கிறதாம், மனம் பெரிய எண்ணங்களால் நிறைகிறதாம்.

அந்த மாணவன் பின்னாளில் சிந்தனையாளராகவும் அரசியல்வாதியாகவும் பெயர்பெற்ற எட்மண்ட் பர்க். 1757இல் அவர் வெளியிட்ட நூல் இதே புதிரைத்தான் எடுத்துக்கொள்கிறது: பயப்பட வேண்டிய ஒன்று எப்படி இனிக்கிறது?

பர்க் முதலில் அழகையும் உன்னதத்தையும் பிரித்து வைத்தார். அழகானது சிறியது, வழுவழுப்பானது, சட்டென்று திரும்பாமல் மெல்ல வளைவது. அவர் காட்டும் உதாரணம் புறா. தலை மெல்லப் பெருத்து, மெல்லச் சிறுத்துக் கழுத்தாகிறது. கழுத்து உடலில் கரைகிறது. எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது. உன்னதமானது இதற்கு நேர்மாறு: பிரமாண்டம், இருட்டு, வலிமை, முழுதாகப் பிடிபடாத தன்மை. அழகு நரம்புகளைத் தளர்த்துகிறது, உன்னதம் முறுக்கேற்றுகிறது என்றார். அந்த நரம்பு விளக்கம் இன்று நிற்காது. ஆனால் அவர் வைத்த நிபந்தனை நிற்கிறது: ஆபத்து மிக நெருங்கினால் வெறும் பயம், கொஞ்சம் தள்ளி நின்றால் இன்பம்.

குற்றாலத்தில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அப்புறமும் கூட்டம் கலையாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும் தண்ணீரைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதே தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், பிள்ளையைத் தூக்குவதா பீரோவைக் காப்பாற்றுவதா என்றுதான் மனம் ஓடும்.

1790இல் ஜெர்மானியத் தத்துவவாதி இமானுவேல் காண்ட் இந்தப் புதிருக்குள் இன்னும் உள்ளே போனார். எகிப்தின் பிரமிடை மிகத் தள்ளி நின்று பார்த்தால் கற்கள் மங்கிவிடும். மிக நெருங்கினால், கண் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதற்குள் முதலில் பார்த்தது நழுவிவிடும். சரியான தூரத்தில்தான் அந்தப் பிரமாண்டம் நம்மைத் தாக்கும். கற்பனையால் முழுதாக ஏந்த முடியாது, ஆனால் அறிவால் எல்லையின்மையையே நினைக்க முடியும். அந்தத் தோல்வி வலிக்கிறது, அந்த ஆற்றல் இனிக்கிறது.

காண்ட் ஓரிடத்தில் ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோயின் விவசாயி ஒருவரைக் குறிப்பிடுகிறார். பனிமலையை ரசிக்க வருகிறவர்களை முட்டாள்கள் என்றாராம் அவர். உன்னதத்தை உணர மனம் பண்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைச் சான்றாக வைக்கிறார் காண்ட். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மலையில் பிழைக்கிறவருக்குத் தள்ளி நிற்க இடம் ஏது? அவர் ரசனையில் குறை இல்லை, தூரத்தில்தான் குறை.

மூளைக்குள் இந்தத் தூரம் எப்படி இருக்கும்? 2001இல் மான்ட்ரியலில் மூளை ஆய்வாளர்கள் ஆன் பிளட், ராபர்ட் ஸடோர் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். தாங்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்டு ஆட்கள் சிலிர்த்தபோது மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். சிலிர்ப்பு கூடக்கூட, இன்பத்தோடு தொடர்புடைய பகுதியில் ஓட்டம் கூடியது. பயத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் குறைந்தது. இசையும் வெள்ளமும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் உடம்பு சிலிர்க்கும்போதே அபாய மணி அடங்குகிறது என்பது பர்க்கின் நிபந்தனைக்கு மிக அருகில் வருகிறது.

2003இல் உளவியலாளர்கள் டேக்கர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் இப்படித் திகைக்க வைக்கும் வியப்புக்கு இரண்டு கூறுகளைச் சொன்னார்கள்: பெருமை, அதாவது மிகப் பெரியதாக இருப்பது, அப்புறம் நம் மனச் சட்டகத்துக்குள் அது அடங்காமல் போவது. தொல்காப்பியம் வியப்பை ‘மதிமை சாலா மருட்கை’ என்கிறது. அறிவு போதாமல் போகும் இடம். அது பிறக்கும் காரணங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். சிறுமையும் அதில் இருப்பதைப் பார்த்து நான் நின்றுவிட்டேன். பர்க்கின் நூலிலும் அது இருக்கிறது. உயிர்கள் சிறியதிலும் சிறியதாகிக்கொண்டே போவதைப் பின்தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் மனம் திகைத்துவிடும். அப்போது மிகச் சிறியது உண்டாக்கும் திகைப்பையும் மிகப் பெரியது உண்டாக்கும் திகைப்பையும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார்.