சிக்னலில் நின்றதும் ஏன் ஊற்றுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடக்கிறது. புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் சைக்கிள் பயணம் ஒன்றில் அவருக்காகப் பெயர் கொடுத்துவிட்டேன். திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்ப வேண்டும், ஏறத்தாழ 90 கி.மீ. கையில் மூன்று மாதம் இருக்கிறது. இப்போது 30 கி.மீ. தாண்டினாலே சுருண்டுவிடுகிறேன். ஓட்டும்போதுகூடப் பரவாயில்லை, சிக்னலில் நின்றால் குளித்ததுபோல் ஊற்றுகிறது. உடம்பில் ஏதாவது குறையா?"

குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. சென்னையில் நெடுந்தூரம் ஓட்டப் பழகுகிறவருக்குக் காலைவிடத் தோலுக்குத்தான் வேலை அதிகம்.

கால் சமாசாரத்தை முதலில் முடித்துவிடுவோம். வாரம் மூன்று நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம்: முதல் வாரம் 30 கி.மீ., பிறகு 36, 42. நான்காவது வாரம் 28-க்கு இறங்கிவிடுங்கள். தசை தேறுவது ஓய்வில்தான். அப்புறம் 48, 54, 60. எட்டாவது வாரம் மறுபடி 40. அடுத்து 68, 78. பதினோராவது வாரம் 50, பன்னிரண்டாவது வாரம் பயணம். 78 ஓட்டிய கால் 90 ஓட்டிவிடும். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினாலே 40-ஐத் தொட்டுவிடும் என்பதால் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) கணக்கு எளிது. வார நாட்களில் ஒரு நாள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் ஒரு மணி நேரம். இன்னொரு நாள் மூச்சு வாங்க நான்கு நிமிடம், மெதுவாக மூன்று நிமிடம் என்று நான்கு தடவை. முன்னது தசை செல்களின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்கும். பின்னது இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவைக் கூட்டும்.

சீட் உயரத்தை இன்றே சரிபாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் வலித்தால் உயரம். ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம். இரண்டு காலையும் தரையில் ஊன்றும் அளவுக்குச் சீட்டை இறக்கி வைத்துக்கொண்டு, வலிக்குத் தைலம் தேடுகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

சாப்பாட்டுக் கணக்கும் சின்னதுதான். தசையிலும் கல்லீரலிலுமாகச் சுமார் 500 கிராம் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து, இருக்கிறது. நல்ல வேகத்தில் ஓட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் அந்தக் கையிருப்பின் அடி தெரிந்துவிடும். இரவுப் பட்டினியில் கல்லீரலின் பங்கு பெருமளவு கரைந்திருக்கும், அதனால் வெறும் காபியோடு கிளம்பாதீர்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நாட்களில் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக.

இனி வெப்பம். நிதானமாக ஓட்டும் ஒருவர் பெடலுக்குக் கொடுப்பது 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். தசை எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பெடலுக்குப் போய்ச் சேரும். மீதி, சுமார் 350 வாட், வெப்பம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஆறை வயிற்றுக்குள் எரியவிட்டுக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். அத்தனையும் உள்ளேயே தங்கினால் 70 கிலோ உடம்பு 12 நிமிடத்துக்கு ஒரு டிகிரி சூடாகும். அரை மணி நேரத்தில் 37 டிகிரி, 39.5 ஆகிவிடும்.

தங்கவிடாமல் காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு லிட்டர் தண்ணீரைப் பானையிலிருந்து எடுத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல எட்டு மடங்கு. ஆக, 350 வாட்டையும் வெளியேற்ற மணிக்கு அரை லிட்டர் வியர்வை போதும். ஒரே நிபந்தனை, அது ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டும் வியர்வை ஒரு வாட்டைக்கூட எடுத்துப் போகவில்லை. துண்டால் துடைத்து எறிவதும் அப்படித்தான். கண்ணில் வழிவதை மட்டும் துடையுங்கள்.

ஆவியாவதும் ஆகாததும் எதைப் பொறுத்தது? செல்போனில் வானிலையைத் திறந்து "ஈரப்பதம் 82 சதவீதம்" என்று பார்த்துப் பயப்படுகிறோம். அந்தச் சதவீதம் ஏமாற்றுக்காரன். விடிகாலை 28 டிகிரியில் 82 சதவீதம் என்றால் காற்றிலுள்ள நீராவியின் அழுத்தம் 3.1 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). அதே நாள் மதியம் 38 டிகிரி, 47 சதவீதம். "பரவாயில்லையே, காய்ந்துவிட்டதே" என்று தோன்றும். நீராவி அழுத்தம் என்னவோ அதே 3.1 தான். சூடான காற்றால் அதிக நீராவியைத் தாங்க முடியும், அதனால் சதவீதம் இறங்குகிறது, அவ்வளவே. 35 டிகிரியில் நனைந்திருக்கும் தோலின் மேல் இந்த அழுத்தம் 5.6. வியர்வையை இழுப்பது 5.6-க்கும் 3.1-க்கும் உள்ள இடைவெளி. அது காலையிலும் மதியத்திலும் ஒன்றே. பின் ஏன் விடிகாலையில் ஓட்டச் சொல்கிறார்கள்? 28 டிகிரிக் காற்று தோலிலிருந்து நேரடியாகவும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். 38 டிகிரிக் காற்று எதிர்த்திசையில் நம்மைச் சூடாக்கும், கூடவே வெயில். அதனால் காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், சதவீதத்தைப் பார்க்காதீர்கள்.

1775-ல் சார்ல்ஸ் பிளாக்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நீர் கொதிக்கும் வெப்பத்தையும் தாண்டிச் சூடேற்றிய அறைக்குள் நண்பர்களோடு சில நிமிடங்கள் நின்றதை எழுதினார். உள்ளே வைத்த முட்டையும் இறைச்சியும் வெந்துபோயின, மனிதர்கள் வேகவில்லை. காற்று உலர்ந்திருந்ததுதான் காரணம். நம் கடற்கரையில் அந்தச் சலுகை கிடையாது.

இப்போது சிக்னலுக்கு வருவோம். தோலை ஒட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் எப்போதும் கிடக்கிறது. வியர்வையிலிருந்து கிளம்பும் நீராவி அதைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். காற்றில்லாத இடத்தில் நின்றால் இந்தப் படலம் ஏழெட்டு மில்லிமீட்டர் தடிக்கும். 25 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று அதைச் சீவிச் சீவி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். நீராவி போகும் வழி ஏழு மடங்கு சுருங்கினால் ஆவியாகும் வேகம் ஏறத்தாழ ஏழு மடங்கு கூடும். ஓடும் சைக்கிளில் வியர்வை சுரந்ததும் காணாமல் போகிறது, சட்டைகூட அவ்வளவாக நனைவதில்லை. சிவப்பு விளக்கு விழுந்து பிரேக் பிடித்தீர்களா, படலம் தடித்துவிட்டது. இனி உடம்பு முழுக்க நனைந்தாலும் 250 வாட் போனால் அதிகம். தசைகள் நின்றாலும் உள்சூடு உடனே இறங்குவதில்லை, ஆகவே மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் வியர்வைச் சுரப்பிகளுக்கு உத்தரவைத் தளர்த்துவதும் இல்லை. சுரப்பு அப்படியே, செலவு மட்டும் சரிந்துவிட்டது. நின்ற பிறகு வியர்வை கூடியதாகத் தோன்றினாலும், உண்மையில் அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

இதிலிருந்து வரும் விசித்திரமான விளைவு ஒன்று உண்டு. தெற்கிலிருந்து காற்று வீசும் கோடை நாளில் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது 20 கி.மீ. வேகக் காற்று முதுகைத் தள்ளும். நீங்கள் 25-ல் போனால் தோலுக்குக் கிடைப்பது வெறும் 5 கி.மீ. வேகக் காற்று. காலுக்கு சொர்க்கம், தோலுக்கு அடைத்த அறை. பலர் திரும்பும் வழியில் கோவளத்துக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்காருவது மிதித்த களைப்பால் மட்டும் அல்ல. பின்காற்று நாளில் தலையிலும் முன்கையிலும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது தலைகீழ்: திரும்பும்போது எதிர்க்காற்று, கால் கதறும், உடம்பு குளிர்ந்திருக்கும். வீட்டுக்குள் சைக்கிளை நிறுத்தி மிதிப்பவர்கள் எதிரே பெரிய டேபிள் ஃபேன் இல்லாமல் மிதிக்கக் கூடாது என்பதற்கும் இதே படலம்தான் காரணம்.

ஏசி அறையிலிருந்து ஏசி காருக்குப் போகும் உடம்பையும் இதற்குப் பழக்கலாம். தினமும் ஓரளவு வெப்பத்தில் ஒரு மணி நேரம் உழைத்தால் முதல் நான்கைந்து நாளில் ரத்தத்தின் திரவப் பகுதி பெருகும். பத்து பதினான்கு நாளில் வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும். சுரப்பியின் குழாய் உப்பைத் திரும்ப உறிஞ்சக் கற்றுக்கொள்வதால் வியர்வையின் கரிப்பும் குறையும். சட்டையில் வெள்ளைக் கோலம் மங்கினால் பழகுகிறது என்று பொருள். ஒரு மாதம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். அதனால் இந்தப் பழக்கத்தைக் கடைசி மூன்று வாரத்தில் விடாமல் வைத்திருங்கள்.

எவ்வளவு குடிப்பது? எடைபோடும் மெஷின் சொல்லும். ஓட்டுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர். வழியில் குடித்ததையும் சேர்த்தால் மொத்த வியர்வை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், 70 கிலோவுக்கு 1.4 கிலோ. எடை கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது நீர் வறட்சியைவிட ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை மூடி எலுமிச்சை. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் ஜோடியாக நுழைகின்றன, தண்ணீர் பின்னாலேயே போகிறது. வெறும் தண்ணீரைவிட இது உடம்பில் தங்கும்.

வியர்க்கும்போது தண்ணீர் குடித்தால் ஆகாது என்பது ஆதாரமற்ற பேச்சு. பிளாஸ்டிக் கோட் போட்டு ஓட்டினால் கொழுப்பு வியர்வையாகக் கரையும் என்பது அதைவிட மோசம். ஆவியாகும் வழியையே அடைக்கிறார்கள். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டிலேயே தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கும் கொடுமையை என்ன சொல்ல? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் டம்ளர் பிரிகிறது. கூடவே ஒரு மனத்தாங்கல்: வெப்ப உடலியலில் நாம் நம்பும் அளவுகளில் பல, ராணுவ வீரர்களையும் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களையும் வைத்துக் கண்டவை. மதிய வெயிலில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஓடும் நம் இளைஞர்களையும் சாரத்தில் ஏறும் கொத்தனார்களையும் அளந்து பார்க்கப் பணம் ஒதுக்குவது பெரிய செலவல்ல.

பயணத்தன்று மாற்று ட்யூப், இரண்டு டயர் லிவர், கைப் பம்ப் பையில் இருக்கட்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அழுத்த எல்லைக்குள் முந்தைய இரவே காற்று நிரப்புங்கள், காலையில் விரலால் அழுத்திப் பார்க்கலாம். ஈசிஆரின் உப்புக் காற்று செயினைத் தின்னும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். வழியில் கூட வருபவருக்கு உடம்பு சிலிர்த்தாலோ, பேச்சு குழறினாலோ, எந்த ஊரில் இருக்கிறோம் என்று அவர் தடுமாறினாலோ, நிழலில் படுக்க வைத்து உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் குளிர்விப்பது முதல் வேலை.

அம்மா திருவான்மியூருக்கு வந்து வரவேற்கப்போகிறார் என்றால் நிழலில் நாற்காலி போடச் சொல்லுங்கள். நீங்கள் சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடத்தில் தலையிலிருந்து கால்வரை ஊற்றும், அவர் பதறுவார். காரணத்தை முதல் நாள் இரவே சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு துண்டும் எடுத்துவரச் சொல்லலாம், இனி நீங்கள் துடைத்துக்கொள்ளலாம்.