மீன் அரிந்த விரலும் முட்டிவலி மாத்திரையும்

கடலூர் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் அக்கா ஒருவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். காலையில் மீன் அரியும்போது பட்ட கீறல். "மத்தியானம் ஆச்சு சார், இன்னும் கசியுது." காயம் நெல்லளவுதான். ஆனால் முழங்கையில் ஊதாத் திட்டுகள். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும்; அப்படிப் போகிறதா என்று கேட்டேன்.

"நாலு நாளா தார் மாதிரி போவுது. இரும்புச்சத்து மாத்திரையாலன்னு நெனச்சேன்."

அவருக்கு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஆயுளுக்கும் தினம் ராத்திரி அசிட்ரோம்.

'ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை' என்கிறோம். ரத்தம் ரசம்போல நீர்ப்பதில்லை. கல்லீரல் வைட்டமின் கே-யைக் கொண்டு செய்யும் உறைபொருட்களை இது குறைக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டுவது ஐஎன்ஆர் பரிசோதனை. எண் ஏற ஏற ரத்தம் உறைய நேரமாகும். மாத்திரை சாப்பிடாதவருக்கு ஏறக்குறைய 1. இந்த அக்காவுக்கு 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். அன்று 7-ஐத் தாண்டியிருந்தது.

துருவிக் கேட்டதில் இரண்டு விஷயம் வெளிவந்தது. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், பத்து நாளாக. அது வயிற்றுப் புண்ணைக் கிளறும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் முடக்கும். இன்னொன்று, கீரை ஆகாது என்று யாரோ சொல்ல, முருங்கைக்கீரையை அடியோடு விட்டிருக்கிறார். கீரையில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் வழக்கமாகச் சாப்பிடும் கீரையோடு சேர்த்துத்தான் அளவு பிடிபட்டிருந்தது. கீரை நின்றதும் அதே மாத்திரை அதிகமாகிப் போனது.

அசிட்ரோமின் உறவுக்கார மருந்தான வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. கிளினிக்கில் இதை நான் சொல்வதில்லை. பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள்; பல் பிடுங்க வேண்டுமென்று தானாக நிறுத்தி, வாய் கோணி வந்தவரையும் பார்த்திருக்கிறேன். ஐஎன்ஆர் பார்க்கத் தேவையில்லாத அபிக்ஸபான், டாபிகாட்ரான் போன்ற புது மருந்துகளுக்கு மாறலாமா என்றும் கேட்கிறார்கள். உலோக வால்வுக்கு அவை கூடாது.

அக்காவை அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தம் ஏற்றித் தேறி வந்ததும் முதல் கேள்வி: "இனிமே கீரை திங்கலாமா சார்?"

"முன்னாடி எத்தனை நாள்?"

"வாரத்துல ரெண்டு."

"அதே ரெண்டு. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

இப்போது ஐஎன்ஆர் நோட்டை பாலித்தீன் பையில் சுற்றி மீன்கூடையிலேயே வைத்திருக்கிறார். மேசையில் வைத்தால் அறையெல்லாம் கவிச்சி. மாதாமாதம் அந்த வாடை வந்தால் எனக்கு நிம்மதி.