சிம்னி ஒழுக்கும் மேலேறும் தண்ணீரும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பப்பா கட்டின ஓட்டு வீடு. குசினிச் சிம்னியைச் சுற்றி ஒவ்வொரு ஒக்டோபரும் ஒழுகுது. மேசன் மூன்று தரம் சீமெந்து பூசிவிட்டார். பிறகும் ஏன்? பேசாமல் சிம்னியை இடித்துவிடலாமா?"

இடிக்க வேண்டாம். 2022 இல் காஸ் இல்லாமல் கொழும்பு விறகு தேடி அலைந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? அக்கினி மூலையில் தண்ணீர் விழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்று யாரோ அவரைப் பயமுறுத்தியும் இருக்கிறார்கள். பரிகாரத்துக்கு எடுத்து வைத்த காசில் நல்ல அலுமினியத் தகடு வாங்கலாம் என்பது என் கருத்து.

சிம்னி தன் சொந்த அத்திவாரத்தில் நிற்கிறது. கூரையோ மரச்சட்டத்தில் தங்கியிருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். செங்கல் அவ்வளவாக அசையாது. இந்த இரண்டையும் சீமெந்தால் ஒட்டினால், காய்ந்த சீமெந்துக்கு வளையத் தெரியாது. வெடிக்கும். சரி, மயிரிழை வெடிப்புத்தானே என்று விடுவோம். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள். படச்சட்டத்திலிருந்து இரண்டு கண்ணாடிகளைக் கழற்றி நன்றாகக் கழுவிச் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு பக்க விளிம்பில் மட்டும் இரு கண்ணாடிகளுக்கும் இடையே ஒரு தீக்குச்சியைச் செருகி, ரப்பர் பட்டி போட்டு, சாயத் தண்ணீரில் நிமிர்த்தி வையுங்கள். தீக்குச்சிப் பக்கம் தண்ணீர் கொஞ்சம்தான் ஏறும். கண்ணாடிகள் ஒட்டும் பக்கம் சரசரவென்று மேலே போகும். இரண்டுக்கும் நடுவே அழகான ஒரு வளைகோடு விழும். 1712 இல் ஆங்கிலக் கணிதவியலாளர் புரூக் டெய்லர் இதைப் பார்த்து, அது அதிபரவளைவு (hyperbola) என்று கண்டுகொண்டார். எத்தனை தரம் செய்தாலும் எனக்கு அலுக்காத வேடிக்கை இது.

தண்ணீர் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. நீரின் மேற்பரப்பை இழுத்துப் பிடிக்கும் பரப்பிழுவை பின்னால் வரும் நீரையும் சேர்த்து இழுக்கிறது. இடைவெளி பாதியானால் தூக்க வேண்டிய நீரும் பாதி, ஆகவே உயரம் இரட்டிப்பு. 1 மில்லிமீற்றர் இடைவெளியில் ஏறக்குறைய 1.5 சென்ரிமீற்றர் ஏறும். 0.1 மில்லிமீற்றரில் 15 சென்ரிமீற்றர்! பள்ளிக்கூடத்தில் மயிர்த்துளை எழுகை என்று படித்தது இதைத்தான். ஏறிய நீர் உள்ளே ஒரு மரச்சட்டத்தைத் தொட்டால் போதும், விளக்குத் திரி போல அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கும். மேசன் வெடிப்பைச் சின்னதாக்கச் சின்னதாக்க, அது தண்ணீரை இன்னும் நன்றாக உறிஞ்சியது.

அப்போ திறந்த இடைவெளி நல்லதா? ஆம், மூடி இருந்தால். சிம்னியும் கூரையும் சேரும் இடத்தை மூடும் தகடான பிளாஷிங்கின் சூட்சுமம் அதுதான். கீழ்த் தகடு ஓட்டோடு போகும். சிம்னியில் 15 சென்ரிமீற்றராவது ஏறி நிற்கும், ஆனால் சிம்னியில் ஒட்டாது. மேல் தகடு செங்கல் இடைச்சாந்தில் வெட்டிய காடிக்குள் பதிந்து, கீழ்த் தகட்டின் மேல் தாவணி போலத் தொங்கும். இரண்டையும் ஆணியடித்துச் சேர்க்கக் கூடாது. வெயிலில் 60 பாகையில் கொதிக்கும் தகடு திடீர் மழையில் 25க்கு இறங்கும்போது, ஒரு மீற்றர் அலுமினியம் 0.8 மில்லிமீற்றர் சுருங்கும். செங்கல் அதில் கால் பங்குதான். நழுவ இடம் இருந்தால் எதுவும் கிழியாது. மேல் தகட்டின் கீழ் விளிம்பைச் சற்று வெளியே மடித்தால் இடைவெளி அகன்றுவிடும், தண்ணீரும் ஏறாது.

பக்கங்களில் ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் தனித் துண்டு, மேலது கீழதை மூடும்படி. சிம்னியின் மேட்டுப் பக்கம் சிறிய முதுகு கட்டி நீரை இரு பக்கமும் பிரித்துவிட வேண்டும். அலுமினியம் ஈரச் சீமெந்தைத் தொடும் இடத்தில் தார் பூசுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். கடற்கரைப் பக்கம் கல்வனைஸ் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு 600 மில்லிமீற்றர் மழை பெய்யும் லண்டனிலேயே இவ்வளவும் செய்கிறார்கள், கொழும்பில் 2400.

பெப்ரவரியில், மழை குறைந்திருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். முதலில் பழைய சீமெந்து முழுவதையும் உடைத்தெடுக்கச் சொல்லுங்கள். மேசன் கடைசியில் சிலிக்கன் குழாயோடு வந்து மேல் தகட்டின் அந்தக் கீழ் விளிம்பையும் அடைக்கப் பார்ப்பார். விடாதீர்கள்.