இன்ஜினை மாற்றினால் க்ரூஸ் கன்ட்ரோல் ஏன் முரண்டு பிடிக்கிறது?

ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டியைக் குறித்த வேகத்தில் ஓடவைக்கும் வசதிதான் க்ரூஸ் கன்ட்ரோல். அது பற்றி டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “1972-ஆம் ஆண்டு செவ்ரோலே பிக்கப்பின் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, அதே நிறுவனத்தின் 2001 சில்வராடோ பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினைப் பொருத்தினேன். வண்டி அருமையாக ஓடுகிறது. அந்தச் சில்வராடோவின் க்ரூஸ் கன்ட்ரோல் பெட்டியையும் எடுத்து மாட்டினேன். வயர்களை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. ஏன்?”

பதில் பிரேக் விளக்கில் இருக்கிறது என்பது என் ஊகம். ஆனால் அங்கே போவதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் நடக்கும் ஒரு கணக்கைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

அடிப்படை எளிது. நீங்கள் குறித்த வேகம் ஒன்று, வண்டி இப்போது ஓடும் வேகம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. பிழைக்கு ஏற்ப, இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவான த்ராட்டிலைத் திறக்க வேண்டும் அல்லது மூட வேண்டும். இந்தக் கருவிக்கு 1950-இல் காப்புரிமை பெற்றவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஐந்து வயதில் விபத்தில் பார்வை இழந்தவர். வண்டி ஓட்ட முடியாத அவர், பக்கத்தில் உட்கார்ந்தபடி மற்றவர்கள் ஓட்டுவதில் உள்ள சீரின்மையை உடம்பால் உணர்ந்திருக்கிறார். 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் இந்த வசதியைக் கொண்டுவந்தது.

இப்போது ஒரு மேட்டை எண்ணிப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் குறித்திருக்கிறோம். ஒரு கிலோமீட்டர் குறைந்தால் த்ராட்டிலை 2 சதவீதம் கூடுதலாகத் திற என்று பெட்டிக்கு விதி வைத்திருக்கிறோம். மேடு ஏற 10 சதவீதம் கூடுதல் திறப்பு தேவை. என்ன ஆகும்? வேகம் 95-க்கு இறங்கும், அங்கேயே நின்றுவிடும். ஐந்து கிலோமீட்டர் பிழை இருந்தால்தானே அந்த 10 சதவீதம் கிடைக்கும்! வேகம் மறுபடி 100-ஐத் தொட்டால் பிழை பூஜ்யமாகும், கூடுதல் திறப்பும் பூஜ்யமாகும், வண்டி மறுபடி தளரும். பிழையை ஒழிக்க வந்த கருவி, பிழை இருந்தால்தான் வேலை செய்யும் என்ற நிலை.

இதற்கு விடை, மளிகைக் கடைப் பற்று நோட்டு. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு வேகம் குறைந்தது என்பதைப் பெட்டி எழுதிக்கொண்டே வருகிறது. எழுதியதைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்பவும் த்ராட்டிலைத் திறக்கிறது. மேட்டில் வேகம் குறையும்போது நோட்டில் பற்று ஏறும். த்ராட்டில் மெல்ல மெல்லத் திறக்கும். வண்டி 100-ஐ எட்டும். அந்தக் கணத்தில் பிழை பூஜ்யம். ஆனால் நோட்டில் உள்ள பழைய பற்று அழியவில்லை. தேவையான 10 சதவீதத்தை இப்போது அதுதான் தாங்கிப் பிடிக்கிறது. மேடு முடிந்து சமதளம் வந்ததும் வண்டி கொஞ்சம் முந்துகிறதே, அது நோட்டுக் கணக்கு தீரும் நேரம். நாம் பன்னிரண்டாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட தொகையீடு இதுதான். ஒரு வண்டியின் வயிற்றுக்குள் அது உயிரோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இந்த வேறுபாட்டை முதலில் கணக்காக எழுதியவர்களில் ஒருவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். 1868-இல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், வேகப் பிழையை வெறுமனே குறைப்பவற்றையும், அதை முற்றிலும் ஒழிப்பவற்றையும் இரண்டு பெயரிட்டுப் பிரித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, மின்தடையின் அலகை நிர்ணயிக்கும் பரிசோதனையில் ஒரு கம்பிச்சுருளைச் சீரான வேகத்தில் சுழற்ற வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. மின்தடை அளக்கப் போனவர் எழுதிய கணக்கு, நெடுஞ்சாலையில் ஓடும் பிக்கப்புக்குப் பயன்படுகிறது. அடிப்படை ஆய்வுக்குப் பணம் கேட்டு வருபவரிடம் “இதனால் உடனடிப் பயன் என்ன?” என்று கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இன்ஜினை மாற்றினால் என்ன கெடும்? பெட்டிக்கு இன்ஜினைத் தெரியாது. த்ராட்டிலை இவ்வளவு திறந்தால் இவ்வளவு உந்துவிசை வரும் என்ற எதிர்பார்ப்பில் அதன் விகிதங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. சிறிய ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு அமைத்த பெட்டியைப் பெரிய வி8-இல் மாட்டினால், சிறு திறப்புக்கே வண்டி பாயும், உடனே மூடும், மறுபடி பாயும். இன்ஜினோடு வந்த பெட்டியையே வாசகர் எடுத்தது நல்ல முடிவு.

அடுத்தது வேகத்தை எண்ணும் துடிப்புகள். இத்தகைய ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸ்களில் சக்கரங்களை நோக்கி விசையைக் கொண்டுபோகும் வெளித்தண்டில் 40 பல் கொண்ட வளையம் இருக்கும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சாரில் ஒரு மின் துடிப்பு எழும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் 40 துடிப்பு. பின் அச்சின் விகிதம் 3.73 (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, தண்டு 3.73 சுற்று), டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால் ஒரு மீட்டருக்குச் சுமார் 68 துடிப்பு. க்ரூஸ் பெட்டி எதிர்பார்ப்பதோ மைலுக்கு 4000, அதாவது மீட்டருக்கு இரண்டரை. இந்த மாற்றத்தை இன்ஜின் கணினி செய்து கொடுக்கிறது. சென்சார் வயரை நேரே பெட்டிக்குக் கொடுத்திருந்தால் வேகம் 27 மடங்காகத் தெரியும். கணினிக்குப் புதிய அச்சு விகிதமும் டயர் அளவும் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டும் சரியென்றால், பிரேக் விளக்குக்கு வருவோம். பழைய பெட்டிகள் பலவும் பிரேக் விளக்குக்குப் போகும் வயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெடலை மிதிக்காதபோது அந்த வயரில் மின்சாரம் இல்லை. ஆனால் பல்பின் இழை வழியாக அது வண்டியின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைந்திருக்கிறது. குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு. “எர்த் தெரிகிறது, ஆகவே வயர் அறுபடவில்லை, பல்பு இருக்கிறது, பிரேக் மிதிக்கப்படவில்லை” என்று பெட்டி அறிந்துகொள்கிறது. அதன் பிறகுதான் வேலைக்கு வரும். அணைந்து கிடக்கும் ஒரு பல்பைக் காவலுக்கு வைத்த அந்தப் பொறியாளரை நான் வணங்குகிறேன்.

பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் பின்விளக்குகளையும் எல்இடிக்கு மாற்றிவிடுவது வழக்கம். எல்இடிக்கு இழை கிடையாது. பெட்டிக்கு எர்த் தெரியாது. வயரெல்லாம் சரியாக இருந்தும் அது அசைய மறுக்கும்.

எனவே ஐயா, ஒரு பக்கம் மட்டும் பழைய இழை பல்பை மாட்டிப் பாருங்கள். க்ரூஸ் உயிர் பெற்றால் காரணம் அதுதான். எல்இடியையே வைத்துக்கொள்ள விரும்பினால், பிரேக் மிதிக்காதபோது அந்த வயருக்கு எர்த்தையும், மிதித்தவுடன் 12 வோல்ட்டையும் காட்டும் ஐந்து முனை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்று போதும். பிறகு ஆளில்லாத நேரான சாலையில், மணிக்கு 70 கிலோமீட்டரில் குறித்துவிட்டு, பிரேக் பெடலைக் கால் நுனியால் தொடுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே க்ரூஸ் விட்டுவிட வேண்டும். விடவில்லையென்றால் உடனே அணைத்துவிட்டு, பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்சைச் சரிசெய்யுங்கள்.